எட்டயபுரத்து வயலினும் ஒரு கேசட்டும்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கடைக்காரரை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, டிடிகே 60ஆ 90ஆ என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார். சீட்டு தொலைந்துவிடும் என்று அதை அப்படியே ஒரு நீள நோட்டில் ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த நோட்டுகளில் மிஞ்சியிருந்த ஒன்றைக் காட்டினார். மற்றதெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் கிலோக் கணக்கில் போய்விட்டன. கடை இப்போது மொபைல் ரீசார்ஜும் கவர் வியாபாரமுமாக ஓடுகிறது.

அந்த நோட்டில் ஒரே இசைத்தொகுப்பு மூன்று பெயர்களில் பதிவாகியிருந்தது. ஓரிடத்தில் 'வீடு மியூசிக்'. இன்னோரிடத்தில் 'ராஜா வயலின், பாட்டு கிடையாது'. கடைசிப் பக்கங்களில் ஓரிடத்தில் வெறுமனே 'சோக கேசட்'. மூன்றும் 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'தான். எப்படிப் பெயர் வைப்பது என்று கேட்டு வெளிவந்த தொகுப்புக்கு எங்கள் ஊர் சத்தமில்லாமல் மூன்று பெயர் வைத்துவிட்டிருந்தது.

இதை எழுத எனக்கொரு சொந்தக் காரணம் உண்டு. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், 2009இல், எங்கள் கல்லூரி ஆண்டு மலரில் இந்தத் தொகுப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். விமர்சனம் என்று நினைத்துக்கொண்டு எழுதியது. பாக்கை அப்போதுதான் கேட்க ஆரம்பித்திருந்தேன். ஹாஸ்டலில் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய மேற்கத்திய இசை சுற்றி வந்துகொண்டிருந்தது. அந்தத் தெம்பில், 'இது பாக்கும் இல்லை, தியாகராஜரும் இல்லை, படம் இல்லாத சினிமாப் பின்னணி இசை' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தேன். வயலின் அழுவதைப் பற்றி ஒரு நக்கலும் இருந்தது. மலரை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன், பாராட்டுவார் என்று. படித்து முடித்தவர், "தம்பி, இத உக்காந்து முழுசாக் கேட்டியா, இல்ல படிச்சிட்டு எழுதுனியா?" என்றார். அதற்குள் வேறொரு ஆள் ரீசார்ஜுக்கு வந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகத் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம். பத்துத் துண்டுகள், பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கை. தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன்; பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் வைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்குப் பிரித்து வாசித்தவர். இளையராஜா அப்போது உச்சத்தில் இருக்கிறார். அதே 1986இல்தான் 'மௌன ராகம்', அதே வருஷம்தான் கம்ப்யூட்டரை இசைக்குப் பயன்படுத்திய 'புன்னகை மன்னன்'. ஒரு கையில் மிஷின் வைத்து வாசித்துக்கொண்டு, இன்னொரு கையால் வயலின், வியோலா, செல்லோவுக்குக் காகிதத்தில் நோட்டு எழுதிக்கொண்டிருந்த வருஷம் என்று சொல்லலாம். (தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்ததும் அந்த வருஷம்தான். இசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கோவில்பட்டிக்காரர்களுக்கு 1986 என்றால் முதலில் ஞாபகம் வருவது அது.)

இப்போது துண்டுகளின் பெயர்களைக் கவனியுங்கள். 'டோன்ட் கம்பேர்', ஒப்பிடாதே. 'இட் இஸ் ஃபிக்ஸ்டு', இது தீர்மானமானது. 'யூ கேனாட் பி ஃப்ரீ', உன்னால் சுதந்திரமாக இருக்க முடியாது. 'டூ எனிதிங்', என்ன வேண்டுமானாலும் செய். எனக்கு இவை வெறும் தலைப்புகளாகத் தெரியவில்லை. விமர்சகர் வாயைத் திறப்பதற்கு முன்பே கொடுக்கப்பட்ட பதில்களாகத் தெரிகின்றன. என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தின வருஷம்தான் 'சிந்து பைரவி' வந்திருந்தது. அதில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையை அதன் காம்போதியிலிருந்து எடுத்து சாரமதியில் போட்டிருந்தார். தேசிய விருது ஒரு பக்கம் வந்தது. ராகத்தை மாற்ற இவர் யார் என்ற கேள்வி இன்னொரு பக்கம் வந்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் கம்யூனிஸ்ட் மேடைக் கச்சேரிகளில் ஹார்மோனியம் வாசித்து ஊர் ஊராகத் திரிந்தவர். தலித் குடும்பத்துப் பிள்ளை. அந்த அடையாளத்தை அவர் தூக்கிப் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட ஒருவர் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே வீட்டில் உட்காரவைக்கிறார் என்றால், 'இது எந்த வகை' என்ற கேள்விக்குள் வேறு சில கேள்விகளும் ஒளிந்துகொண்டு வரும்.

வகைதான் அன்றைக்குச் சிக்கல். கச்சேரி விமர்சனம் எழுதுகிறவருக்கு ஒரு பத்தி இருந்தது. யார் எந்தச் சபாவில் என்ன ராகத்தை எப்படிப் பாடினார் என்று அதில் எழுதலாம். சினிமா விமர்சகருக்கு வேறொரு பத்தி. பாட்டு நன்றாக இருந்தது, இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சபாவிலும் நடக்காத, தியேட்டரிலும் ஓடாத ஒரு கேசட்டை எந்தப் பத்தியில் வைப்பது? கேசட் கடையிலேயே அது சிரமம்தான். அண்ணாச்சி கடையில் எல்லா கேசட்டும் படப் பெயரின் முதல் எழுத்து வரிசையில் இருக்கும். இது பக்திப் பாடல்களுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே, சீர்காழி கோவிந்தராஜனுக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் இருந்ததாகச் சொன்னார்.

நடுவில் விழுந்த இந்தச் சமாச்சாரம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதே இல்லை என்பதுதான் நான் 2009இல் தெரிந்துவைத்திருக்காத சங்கதி. கோவில்பட்டியிலிருந்து கிழக்கே பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எட்டயபுரம். இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும் மண். கம்பு, பருத்தி, உளுந்து, அதற்குமேல் சீமைக் கருவேலம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் இறந்த ஊர் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1835 தீபாவளியன்று அங்கேதான் இறந்தார், சமாதியும் அங்கேதான். எட்டயபுரத்துக்கு வரும் வழியில் காய்ந்து கிடந்த பூமியைப் பார்த்து அமிர்தவர்ஷிணியில் பாடினார், மழை கொட்டியது என்றொரு கதை உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் நம்புகிறார்களோ இல்லையோ, எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் நம்புவார்கள்.

தீட்சிதர் குடும்பம் எட்டயபுரம் வருவதற்கு முன் சென்னைக்குப் பக்கத்து மணலியில் கொஞ்ச காலம் இருந்தது. அங்கே அவர்களை ஆதரித்தவர் கம்பெனியோடு தொடர்புடைய முதலியார் குடும்பம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் வாசிப்பதைக் கேட்கிற வாய்ப்பு அப்படிக் கிடைத்தது. இரண்டு காரியங்கள் நடந்தன. முத்துசுவாமி தீட்சிதர் அந்த மேற்கத்திய மெட்டுகளில் சிலவற்றுக்கு சமஸ்கிருத வார்த்தை போட்டார். நொட்டு சுவரங்கள் என்று பெயர், நாற்பதை ஒட்டி இருக்கின்றன. அதில் ஒன்று இங்கிலாந்து தேசியகீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786இல் பிறந்தவர்) ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதில் நம் சங்கீதத்தை வாசிக்க ஆரம்பித்தார். பிற்பாடு எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதையை எழுதுகிறவர்கள் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் போட்டிக்குள் நான் போகவில்லை. அந்த முதல் வயலின்களில் ஒன்று எங்கள் கரிசல் காட்டு அரண்மனையில் வாசிக்கப்பட்டது என்பது எனக்குப் போதும்.

யோசித்துப் பாருங்கள். சோடா பாட்டில் மாதிரிக் கப்பலில் வந்து இறங்கிய ஒரு மரப்பெட்டி. கழுத்தில் வைத்து நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியம். அதை உட்கார்ந்து, சுருள்பகுதியைக் காலில் ஊன்றி, தந்திகளின் சுருதியை நமக்கேற்ப மாற்றி வைத்து, வழுக்கி வழுக்கி கமகம் பிடித்து வாசித்த முதல் ஆளைப் பார்த்து எவனாவது ஒருவன் 'இது வீணையும் இல்லை, அதுவும் இல்லை' என்று சொல்லாமலா இருந்திருப்பான்? இன்றைக்கு வயலின் இல்லாமல் கச்சேரி மேடையே இல்லை. அது வெளிநாட்டுச் சரக்கு என்பது ரசிகர்களுக்கு மறந்தே போய்விட்டது. அண்ணன் செய்த நொட்டு சுவரங்களின் விதி வேறு. அவை குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் ஆரம்பப் பாடமாக ரொம்ப காலம் ஒதுங்கிக் கிடந்தன. ஒரே வீடு, ஒரே காலம், ஒரே சந்திப்பு. ஒன்றை உலகம் விழுங்கிச் செரித்துவிட்டது, இன்னொன்றைத் திண்ணையிலேயே உட்காரவைத்தது.

சிக்கல் எங்கே என்றால் கமகத்தில். நம் இசையில் சுரம் ஒரு புள்ளி கிடையாது. அசையும், வளையும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வரும். மேற்கத்திய இசையில் நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வேறு வேறு சுரத்தில் நிற்கும். நிற்பதால்தான் அவற்றுக்கு நடுவே உறவு உண்டாகிறது. ஒருவர் அசைந்தால் அந்த உறவு கலங்கும். அசைவதா நிற்பதா என்பதுதான் கேள்வி. நொட்டு சுவரங்களில் தீட்சிதர் நின்றார், கமகத்தை விட்டுக்கொடுத்தார். தம்பி வயலினில் அசைந்தார், நான்கு குரலை விட்டுக்கொடுத்தார்.

மூன்றாவது முயற்சியும் எட்டயபுரத்தில்தான் நடந்தது. ஏ. எம். சின்னசாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர், கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டு நோட்டில் எழுதிப் பதிப்பிக்க வேண்டும் என்று தன் சொத்தையும் உடம்பையும் செலவழித்தவர். 1890களில் அதைப் பதிப்பித்துக்கொண்டிருந்தபோது தீட்சிதர் கீர்த்தனைகளுக்காக பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதரைப் பிடித்தார். தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்துவிடுங்கள் என்று அவர் நெருக்கியதன், எட்டயபுரம் அரசர் செலவை ஏற்றுக்கொண்டதன் விளைவுதான் 1904இல் எட்டயபுரத்து அச்சகத்திலேயே அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. தெலுங்கில், ஆயிரத்து எழுநூறு பக்கத்தை ஒட்டிய புத்தகம். அதில் என்னை அசத்துவது கமகக் குறியீடுகள். சுரம் எப்படி அசைய வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சின்ன அடையாளம். சாஃப்ட்வேர்க்காரன் கண்ணுக்கு அது ஒரு என்கோடிங். கைக்கும் காதுக்கும் மட்டும் தெரிந்ததைக் காகிதத்துக்குத் தெரிகிற மாதிரி மாற்றுகிற வேலை. மியூசிக் அகாடமி 1961இலிருந்து பகுதி பகுதியாகத் தமிழில் கொண்டுவந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். பாடுகிறவர்கள் குருவிடம் கேட்ட மாதிரியே பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சுப்பராம தீட்சிதர் 1906இல் இறந்தபோது பாரதி இரங்கற்பா எழுதினார். அதே பாரதிதான் சங்கீதத்தைப் பற்றிய கட்டுரையில் வித்வான்கள் பாடியதையே பாடுகிறார்கள், ரசம் தெரியாமல் பாடுகிறார்கள் என்று திட்டுகிறார். எனக்குத் தெரிந்து நம் இசை விமர்சனத்தில் 'இந்தப் பாட்டு என்ன உணர்ச்சி' என்று கேட்ட குரல்களில் ஆரம்பகாலத்துக் குரல் அது. பெரும்பாலும் நம் விமர்சனம் ராகம் சுத்தமா, தாளம் சரியா, வழி எது, குரு யார் என்றே கேட்கும். சோகமாக இருந்தது என்று எழுதினால் அது ரசிகன் பேச்சு, விமர்சகன் பேச்சு இல்லை என்று ஒரு நினைப்பு.

எங்கள் பக்கத்து ரசிகர்கள் வேறு மாதிரிக் கேட்டவர்கள். விளாத்திகுளம் சுவாமிகள் சாகித்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு ராகத்தையே மணிக்கணக்காகப் பாடுவார் என்று சொல்வார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் சம்சாரிகள். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொள்ளப் போனவர். நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில்தான் குடியிருந்தார். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964இல் நாற்பத்திச் சொச்ச வயதிலேயே போய்விட்டார். 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் போட்டி போட்டது 1962இல். ஊரில் இன்றைக்கும் அவரைத் தெரிந்தவர்கள் அந்தச் சினிமாப் பாட்டைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள், அங்கிருந்து அவர் வாசித்த ராகங்களுக்குப் போவார்கள். சினிமாவுக்கும் சங்கீதத்துக்கும் நடுவே சுவர் எழுப்பத் தெரியாத ஊர் என்று இதைக் குறையாகவும் சொல்லலாம்.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 1986இன் கேசட் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அசைவதா நிற்பதா என்ற பழைய கேள்விக்கு இளையராஜா இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்க்கிறார். 'மேட் மாட் மூட் ஃப்யூக்' என்ற துண்டில் நிற்கிறார். ஃப்யூக் என்றால் ஒரு குரல் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும். இன்னொரு குரல் அதே வாக்கியத்தை வேறு சுரத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். முதல் குரல் நிற்காமல் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருக்கும். நம் ராகத்தின் வாக்கியத்தை அந்த விளையாட்டுக்குள் விடுகிறார். மற்ற சில துண்டுகளில் பின்னால் தந்தி வாத்தியக் கூட்டம் அசையாமல் நிற்க, முன்னால் நரசிம்மனின் வயலின் மட்டும் அசைகிறது. அசைகிறவன் ஒருத்தன், நிற்கிறவர்கள் நாலு பேர். அந்த ஏற்பாட்டிலேயே ஒரு தனிமை வந்துவிடுகிறது. சோகத்துக்காக யாரும் தனியாக எதுவும் தடவவில்லை. நான் 2009இல் 'அழுகை' என்று நக்கலடித்தது இந்த இடத்தைத்தான். வயலின் அழவில்லை. சுற்றி நிற்பவர்கள் அசையாத இடத்தில் தான் மட்டும் அசையவேண்டி வந்த ஒரு குரல் அது.

தொகுப்பு முழுக்கச் சோகம் என்றும் சொல்லிவிட முடியாது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' துண்டில் பாக்கின் மூன்றாவது பார்ட்டிட்டாவின் ப்ரெலூட் வருகிறது. துள்ளிக்கொண்டு ஓடுகிற சமாச்சாரம். அதன்மேல் நம் ஊர்க் குரல்கள் ஏறிக்கொள்ளும். இங்கே இளையராஜா கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 2009இல் சொன்னதில் அந்த ஒன்றை நான் வாபஸ் வாங்கவில்லை.

அந்த பார்ட்டிட்டாவுக்கும் ஒரு வரவேற்புக் கதை உண்டு. பாக் அவற்றை எழுதிவைத்தது 1720இல். ரொம்ப காலத்துக்கு வயலின்காரர்கள் அவற்றைக் கைப்பழக்கத்துக்கான பயிற்சிப் பாடங்களாகத்தான் வைத்திருந்தார்கள். யோவாகிம் போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேடையில் வாசித்து நிலைநிறுத்த வேண்டியிருந்தது. பாக்கின் 'மத்தேயு பாடு' இசையை மெண்டல்சன் தூசி தட்டி பெர்லினில் நடத்தியது 1829இல். அப்போது தீட்சிதர் உயிரோடு இருக்கிறார். நொட்டு சுவரமும் பயிற்சிப் பாடம், பார்ட்டிட்டாவும் பயிற்சிப் பாடம். இளையராஜா தன் தொகுப்பில் ஒரு துண்டுக்கு 'ஸ்டடி ஃபார் வயலின்', வயலினுக்கு ஒரு பயிற்சி, என்று பெயர் வைத்தது இதையெல்லாம் நினைத்தா என்று தெரியாது. வைத்துவிட்டார்.

சோகமான தொகுப்புகள் முதலில் உதை வாங்குவது ராக் இசையிலும் நடப்பதுதான். ஹாஸ்டல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஒன்று வீசர் குழுவின் 'பிங்கர்ட்டன்', 1996. முதல் தொகுப்பில் ஜாலியாகப் பாடி ஜெயித்த குழு. அதை எழுதிய ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் படிக்கப்போய், காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தனியாகக் கிடந்து எழுதிய பாட்டுகள். தலைப்பு புச்சினியின் ஓப்பராவில் வரும், ஜப்பானியப் பெண்ணைக் கைவிட்ட கப்பல்காரனின் பெயர். 'ரோலிங் ஸ்டோன்' வாசகர்கள் அந்த வருஷத்தின் மோசமான தொகுப்புகளில் ஒன்றாக அதற்கு ஓட்டுப் போட்டார்கள். எழுதியவரே பல வருஷம் அதைப் பற்றிப் பேச வெட்கப்பட்டார். 2004இல் அதே பத்திரிகை அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. நடுவில் நடந்ததெல்லாம் பையன்கள் அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். அங்கே ஒரு வசதி: திட்டியதும் அச்சில் இருக்கிறது, திருத்திக்கொண்டதும் அச்சில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

இங்கே அச்சு வேறு பாதையில் போனது. 90களில் பிரேம்–ரமேஷ் 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள். தமிழ் அறிவுலகம் ஒரு திரையிசைக்காரரைத் தத்துவத்தோடு சேர்த்துப் பேசத் துணிந்த முக்கியமான நூல். எதிர்ப்பக்கத்தில் சாரு நிவேதிதா வருஷக்கணக்காக இளையராஜாவைக் கடுமையாக எழுதி வந்தார். சண்டை சூடாகத்தான் இருந்தது, ஆனால் அது இளையராஜா மேதையா இல்லையா என்ற சண்டை. அந்தச் சண்டையில் இந்தத் தொகுப்பு சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்ட ஆள். ஒரு தரப்பு மேதைமைக்கு ஆதாரம் என்று காட்டும், மறுதரப்பு பாவனைக்கு ஆதாரம் என்று காட்டும். சாட்சி என்ன சொன்னான் என்று உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

கேட்டவர்களில் ஒருவர் பாலு மகேந்திரா. 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக இந்தத் தொகுப்பிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டார். 1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டக் கிளம்பிய ஒரு பெண், கடன், மேஸ்திரி, சிமெண்ட் மூட்டை, லஞ்சம், கடைசியில் நிலத்தின்மேலேயே வில்லங்கம். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைத் தன்னந்தனியாகப் பார்க்க வந்து, பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். 'படம் இல்லாத பின்னணி இசை' என்று நான் எழுதியது வசையாக. பாலு மகேந்திரா அதையே ஒரு உபயோகமாக எடுத்துக்கொண்டார். படம் இல்லை, சரி, நான் ஒன்று எடுத்துவிடுகிறேன் என்று. பாக்கும் தியாகராஜரும் சந்தித்த வீடு, சென்னையில் கட்டி முடிக்க முடியாமல் நின்றுபோன ஒரு வீடாக ஆனது. இந்தத் தொகுப்பைப் பற்றி வந்த மிகச் சிறந்த விமர்சனம் அந்தப் படம்தான் என்பது என் கட்சி.

அண்ணாச்சியின் நோட்டில் 'வீடு மியூசிக்' என்று எழுதிக் கொடுத்த ஆள் யார் என்று கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதியவராம். டிவியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பார்த்துவிட்டு, பாட்டே இல்லாத படத்தின் பாட்டு வேண்டும் என்று வந்து நின்றாராம். அவருக்கு அப்போது வீடு பாதியில் நின்றிருந்தது. "லிண்டல் மட்டத்துல" என்று அண்ணாச்சி கையை நெற்றிக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.

'சோக கேசட்' யாருடையது என்பதற்கு அவர் சிரித்தார். அது அவருடையதுதான். விற்பதற்கில்லாமல் தனக்காகப் பதிந்துகொண்ட பிரதி. கடையைச் சாத்திவிட்டு, கணக்குப் பார்க்கிற நேரத்தில் போட்டுக்கொள்வாராம். ஏன் அதில் பேரை எழுதவில்லை என்றேன். "பேரு இங்கிலீசுல இருந்துச்சு. அதுவும் கேள்வி. கேள்விய எப்பிடிய்யா கேசட்டு மேல எழுதுறது?"

அந்தக் கேசட்டு இன்னும் இருக்கிறது. டெக்கும் இருக்கிறது, கடைக்குப் பின்னால் மனைவியின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில். போட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்த தொகுப்பாக அது இல்லை. இன்னும் இறங்கி, இன்னும் மெதுவாக, வயலின் தொண்டை கட்டின மாதிரி ஒலித்தது. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்தால் மோட்டார் சுற்றுகிற வேகம் நாடாவுக்கு முழுசாகப் போய்ச் சேராது. போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே நின்றது. அதாவது ஆறு சதவீதம் மெதுவாக ஓடுகிறது. சின்ன வயசில் அவர் கடை வாசலில் நின்று நான் கேட்டதும் இந்த வேகத்தில்தானோ என்னவோ. ஹாஸ்டலில் சரியான வேகத்தில் கேட்டபோது எனக்கு ஒட்டாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அண்ணாச்சியிடம் சொன்னேன், பெல்ட் போயிருச்சு, மாத்தணும், சரியான வேகத்தில் இது இப்படி இருக்காது என்று. போனில் இருந்த சுத்தமான பதிவைப் போட்டும் காட்டினேன். ஒரு நிமிஷம் கவனமாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த பெல்ட்டு இப்ப எங்க தம்பி கிடைக்குது" என்றவர், டெக்கைத் திறந்து கேசட்டைத் திருப்பிப் போட்டார். பி பக்கம் ஆரம்பிப்பதற்கு முன் வருகிற அந்த உஸ் சத்தம் கொஞ்ச நேரம் ஓடியது.